வாசகர் கேள்வி – பதில்: சர்வதேச வணிகச் சட்ட மூட் கோர்ட்டை ஒழுங்காக நடத்துவது எப்படி?

சர்வதேச வணிகச் சட்டத்தில் மாதிரி நீதிமன்றப் போட்டி, அதாவது மாணவர் பேச்சில் ‘மூட்’, நடத்த முன்வந்திருக்கும் சட்டக் கல்லூரிகளும் அதில் வாதாடப் போகும் மாணவர்களும் கேட்ட கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம். ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்தால் ஒரே கேள்வியாக்கியிருக்கிறோம். இந்தப் போட்டியில் மாணவர்கள், உலக வணிக அமைப்பில் ஒரு நாடு இன்னொரு நாட்டின் மீது தொடுக்கும் கற்பனை வழக்கில் இரு தரப்புக்கும் வாதாடுகிறார்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரி முதல்முறையாக 24 அணிகளை அழைத்துப் போட்டி நடத்தப்போகிறது. எவ்வளவு காலம் முன்பே தொடங்க வேண்டும்? எத்தனை அறை, எத்தனை நடுவர்?

பதில்: முதலில் கணக்கைப் போட்டுவிடுங்கள். அதன் பிறகுதான் தேதி.

முதல்நிலைச் சுற்றில் ஒவ்வோர் அணியும் 4 முறை வாதாடட்டும். இரண்டு முறை முறையீட்டு நாட்டுக்காக, இரண்டு முறை எதிர்த்தரப்பு நாட்டுக்காக. 24 அணி × 4 ÷ 2 = 48 அமர்வுகள். ஓர் அமர்வில் வாதம் 90 நிமிடம், மதிப்பெண் எழுத 15, நடுவர்கள் கருத்துச் சொல்ல 15, ஆக 2 மணி நேரம். ஒரு நாளைக்கு 3 அமர்வு வேளைகளுக்கு மேல் வைத்தால் கடைசி வேளையில் நடுவர்கள் கேள்வி கேட்பதையே நிறுத்திவிடுவார்கள். எனவே 2 நாள், 6 வேளைகள், 8 அறைகள். ஓர் அறைக்கு 3 நடுவர் என்றால் ஒரே நேரத்தில் 24 பேர் வேண்டும். ஒருவர் ஒரு நாளில் இரண்டு வேளைகளுக்கு மேல் உட்காரக் கூடாது என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 36 பேர். அதோடு கடைசி நேரத்தில் வராமல் போகிறவர்களுக்கு ஈடாக 5 பேர்.

எழுத்து வாதத்தை, அதாவது மெமோரியலைத் திருத்துவது தனி வேலை. 24 அணி × 2 தரப்பு = 48 மெமோரியல். ஒவ்வொன்றையும் 3 பேர் திருத்தினால் 144 திருத்தம். ஒருவருக்கு 8-க்கு மேல் கொடுத்தால் கடைசி நான்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு மதிப்பெண் போடுவார். ஆகவே 18 பேர்: 9 பேர் முறையீட்டுத் தரப்பை மட்டும், 9 பேர் எதிர்த்தரப்பை மட்டும். ஒருவரிடமே இரு தரப்பையும் கலந்து கொடுத்தால், தனக்குப் பிடித்த தரப்புக்கு அவர் தன்னையறியாமல் கூடுதலாகப் போட்டுவிடுவார்.

இனி காலம். வாய்மொழிச் சுற்று நடக்கும் வாரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 52 வாரம் முன்பு வழக்கை எழுதுபவர் உறுதியாக வேண்டும். 24 வாரம் முன்பு வழக்கு வெளியாக வேண்டும். 18 வாரம் முன்பு, வழக்கைப் பற்றி அணிகள் அனுப்பும் விளக்கக் கேள்விகள் வாங்குவதை முடித்து, 16-வது வாரத்தில் எல்லா அணிக்கும் ஒரே நேரத்தில் பதில் வெளியிடுங்கள். மெமோரியலுக்குக் கடைசி நாள் 8 வாரம் முன்பு. திருத்தம் முடிய 5 வாரம். வழக்கு எழுதவே 28 வாரமா என்று கேட்பீர்கள். ஆம், அதற்குத்தான் அதிகம் வேண்டும். காரணம் கீழே வருகிறது.

வெளிநாட்டு அணிகளின் விசா அழைப்புக் கடிதம் 14 வாரத்துக்கு முன்பே போய்விட வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர், பாஸ்போர்ட் எண், வந்து போகும் தேதிகள், செலவு யாருடையது என்பவை அந்தக் கடிதத்தில் இருக்கட்டும். பயிற்சியாளரின் பெயரைச் சேர்க்க மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. மாணவர்களுக்கு விசா கிடைத்து, பயிற்சியாளர் மட்டும் வர முடியாமல் நின்றுவிடுவார்.

கடைசி நேரத்தில் ஓர் அணி விலகினால் எதிரணி சும்மா உட்காரக் கூடாது. உங்கள் மாணவர்களில் இருவரை வழக்கு தெரிந்த மாற்றணியாகத் தயாராக வைத்திருங்கள். அவர்கள் வாதாடலாம், தரவரிசையில் சேர மாட்டார்கள். நடத்தும் கல்லூரியின் சொந்த அணி போட்டியிடக் கூடாது என்பதே எங்கள் உறுதியான கருத்து. அந்த அணி நேர்மையாகவே வென்றாலும் தோற்ற அணிகளுக்குச் சந்தேகம் தீராது.

கேள்வி: பணம் குறைவாக இருக்கிறது. எதைக் குறைக்கலாம்?

பதில்: தொடக்க விழா மேடை, நினைவுப் பரிசு, அச்சிட்ட மலர், பை. இவற்றில் எதைக் குறைத்தாலும் போட்டி கெடாது. வழக்கை எழுதுபவருக்கான மதிப்பூதியம், துறை தெரிந்த நடுவர்களின் பயணச் செலவு, மதிப்பெண் அறைக்கான ஆட்கள், இந்த மூன்றிலும் கை வைக்காதீர்கள். அணிகள் ஐந்து மாதம் உழைத்துவிட்டு வருகின்றன. அந்த உழைப்பைப் புரிந்துகொள்ளக்கூடிய நடுவர் எதிரே உட்கார்ந்திருப்பதுதான் அவர்களுக்கு நீங்கள் செய்யும் மரியாதை.

கேள்வி: நல்ல கற்பனை வழக்கை எப்படி எழுதுவது? இரு தரப்பும் சமமாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: போட்டியின் தரம் பெரும்பாலும் இங்கேயே முடிவாகிவிடுகிறது. எனவே ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

அ நாடு மின்வாகன பாட்டரிகளை ஏற்றுமதி செய்கிறது. ஆ நாடு ஒரு சட்டம் கொண்டுவருகிறது: தன் சந்தையில் விற்கும் ஒவ்வொரு பாட்டரியிலும் உள்ள கோபால்ட்டில் 20 சதவீதம் மறுசுழற்சி செய்ததாக இருக்க வேண்டும், அதுவும் ஆ நாட்டிலேயே சேகரித்த பழைய பாட்டரிகளிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும்.

முதல் வரைவில் பலர் இப்படித்தான் எழுதுகிறார்கள். இது போட்டிக்கு உதவாது. உள்நாட்டுப் பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று சட்டமே வெளிப்படையாகச் சொன்னால் காட் ஒப்பந்தத்தின் (உலக வணிக அமைப்பின் சரக்கு வணிக ஒப்பந்தம்) 3-வது பிரிவு 4-வது பத்தியின், அதாவது இறக்குமதிப் பொருளை உள்நாட்டுப் பொருளைவிடக் குறைவாக நடத்தக் கூடாது என்ற விதியின், மீறல் ஐந்தே நிமிடத்தில் நிரூபணமாகிவிடும். 2013-இல் கனடாவின் புதுப்பிக்கத்தக்க மின்சாரக் கொள்முதல் வழக்கிலும், 2016-இல் இந்தியாவின் சூரிய மின்கல வழக்கிலும் உள்நாட்டுப் பொருள் நிபந்தனைகள் அப்படித்தான் விழுந்தன. எதிர்த்தரப்பு மாணவர்கள் வாத நேரம் முழுவதையும் தற்காப்பிலேயே கழிப்பார்கள்.

இப்போது வரைவைத் திருத்துவோம். ‘ஆ நாட்டில் சேகரித்த’ என்ற நிபந்தனையை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில், மறுசுழற்சி கோபால்ட்டின் மூலத்தைத் தடம்பிடிக்கும் சான்றிதழ் வேண்டும் என்று எழுதுங்கள். சான்றளிக்க இப்போதைக்கு அங்கீகாரம் பெற்ற நிறுவனம் ஒன்றே ஒன்றுதான், அது ஆ நாட்டில் இருக்கிறது. அ நாட்டு நிறுவனம் ஒன்று விண்ணப்பித்தது. நான்கு மாதம் கழித்து, ஆவணம் போதவில்லை என்ற காரணத்தோடு திருப்பி அனுப்பப்பட்டது. சட்டத்தின் எழுத்தில் பாகுபாடு இல்லை, நடைமுறையில் இருக்கிறதா என்பதே இப்போது கேள்வி. இரு தரப்புக்கும் பேச விஷயம் வந்துவிட்டது.

அடுத்து, ஒவ்வொரு சட்டக் கேள்விக்கும் இரு பக்கமும் உண்மைச் செய்திகளை வையுங்கள். ஆண்டுக்கு 5,000 பாட்டரிக்குக் குறைவாகத் தயாரிப்பவர்களுக்கு விலக்கு உண்டு. அப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆ நாட்டவர், இருவர் மட்டும் வேறொரு நாட்டவர். இது முறையீட்டுத் தரப்புக்கு உதவும். 2007-இல் பிரேசிலின் மறுபுதுப்பித்த டயர் வழக்கில், விலக்குகள்தான் காட் 20-வது பிரிவின், அதாவது பொது விதிவிலக்குகள் பிரிவின், முகப்புப் பத்தியில் (விதிவிலக்கை நியாயமற்ற பாகுபாடாகப் பயன்படுத்தக் கூடாது என்னும் பத்தி) அந்த நாட்டைத் தோற்கடித்தன என்பதை நல்ல அணி கண்டுபிடித்துக்கொள்ளும். ஆ நாடு மூன்று நாடுகளோடு பரஸ்பர அங்கீகாரம் பற்றிப் பேசியது, அ நாட்டைச் சட்டம் வந்த பிறகே அழைத்தது என்று ஒரு வரி சேருங்கள். 1998-இன் அமெரிக்க இறால் வழக்கு நினைவுக்கு வரும். எதிர்த்தரப்புக்கும் கை கொடுக்க வேண்டும்: ஆ நாடு தன் சொந்தக் கோபால்ட் சுரங்கத்தின் ஆண்டு உற்பத்திக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது என்று எழுதுங்கள். தீர்ந்துபோகும் இயற்கை வளங்களைக் காப்பது பற்றிய 20-வது பிரிவின் (ஜி) உட்பிரிவு, உள்நாட்டு உற்பத்தி அல்லது நுகர்வின் மீதான கட்டுப்பாட்டோடு சேர்த்து அமலாக வேண்டும் என்று கேட்கிறது. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் தற்காப்பு தொடங்கும் இடத்திலேயே நின்றுவிடும்.

உண்மையிலேயே முடிவாகாத கேள்வி ஒன்றாவது இருக்க வேண்டும். பாட்டரிக்குள் போன பிறகு புதுக் கோபால்ட்டையும் மறுசுழற்சிக் கோபால்ட்டையும் பிரித்தறிய முடியாது. அப்படியானால் இந்தச் சட்டம் பொருளின் ‘இயல்பை’ வரையறுக்கிறதா? அது வணிகத்துக்கான தொழில்நுட்பத் தடைகள் ஒப்பந்தத்தின் கீழ் வரும் தொழில்நுட்ப விதியா? 2014-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் கடல்நாய்ப் பொருள் வழக்கில், அந்தச் சட்டம் பொருளின் இயல்பை வரையறுக்கிறது என்ற பேனலின் (வழக்கை முதலில் விசாரிக்கும் குழு) முடிவை மேல்முறையீட்டு அமைப்பு மாற்றியது. உற்பத்தி முறை தொடர்பான பகுதியில் தானாக முடிவு சொல்லாமல் விட்டது. மாணவர்கள் சொந்தமாகச் சிந்தித்தே ஆக வேண்டிய இடம் இது.

கோரிக்கைகள் நான்கு போதும், பேசுபவருக்கு இரண்டு. ஏழு எட்டு ஒப்பந்தங்களை இழுத்துவந்தால் எல்லாமே மேலோட்டமாகப் போகும்.

இணைப்புகளில் சட்டத்தின் முழு வாசகம், விலக்கு ஆணை, மூன்றாண்டு இறக்குமதிப் புள்ளிவிவர அட்டவணை, பேனல் அமைக்கக் கேட்கும் பேனல் கோரிக்கை ஆகியவை இருக்கட்டும். பேனல் கோரிக்கையைக் கவனமாக எழுதுங்கள். தகராறு தீர்வு உடன்பாட்டின் (உலக வணிக அமைப்பின் வழக்கு நடைமுறை விதிகள்) 6-வது பிரிவு 2-வது பத்தி, எந்த நடவடிக்கை, எந்தச் சட்ட அடிப்படை என்று குறிப்பிடச் சொல்கிறது. அதில் நீங்கள் அறியாமல் விட்ட ஓட்டையைப் பாதி அணிகள் முதன்மை வாதமாக ஆக்கிக்கொள்ளும். தேதிகளையும் சரிபாருங்கள்: கலந்தாலோசனைக் கோரிக்கை கிடைத்து 60 நாள் முடியுமுன் பேனல் கேட்டதாக எழுதிவிட்டு, பிறகு விளக்கக் குறிப்பில் ‘அது அச்சுப்பிழை’ என்று சொல்ல நேர்ந்திருக்கிறது. இரு நாடுகளும் 1995 ஜனவரி 1 முதல் உலக வணிக அமைப்பின் உறுப்பினர்கள் என்று எழுதிவிட்டால், பின்னர் சேர்ந்த நாடுகளுக்கான சேர்க்கை நெறிமுறைச் சிக்கல்கள் வராது.

சமநிலையைச் சோதிக்க ஒரே வழிதான் இருக்கிறது. வழக்கை எழுதாத இருவரிடம் கொடுங்கள். இருவரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் இரு தரப்பிலும் ஐந்து பக்க வாதச் சுருக்கம் எழுதட்டும். எந்தக் கோரிக்கையில் ஒரு தரப்புக்கு அரைப் பக்கத்துக்கு மேல் எழுத வரவில்லையோ, அங்கே உண்மைச் செய்தியை மாற்றுங்கள். இதை இரண்டு முறை செய்ய வேண்டியிருக்கும். 28 வாரம் அதற்குத்தான்.

நிலுவையில் உள்ள உண்மை வழக்கை அப்படியே பெயர் மாற்றித் தராதீர்கள். நடுவில் தீர்ப்பு வந்துவிட்டால் போட்டி அன்றோடு முடிந்தது.

கேள்வி: மெமோரியலில் மதிப்பெண் எங்கே போகிறது? (மாணவி ஒருவர்)

பதில்: பெரும்பாலும் வரிசையில். நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்பதை முதலில் நிலைநாட்டுங்கள். மீறல் இருக்கிறது என்று முதல் பார்வைக்குக் காட்ட வேண்டியது முறையீட்டுத் தரப்பு. விதிவிலக்கைக் கோருபவர் அதை நிரூபிக்க வேண்டும். 1997-இல் இந்தியா தொடுத்த அமெரிக்கக் கம்பளிச் சட்டை வழக்கு இதற்கு அடிப்படை. 20-வது பிரிவை எடுத்தால் முதலில் உட்பிரிவு, பிறகுதான் முகப்புப் பத்தி. மாற்றிப் போட்ட அணியை இறால் வழக்கில் வரிசையை மாற்றிய பேனலை மேல்முறையீட்டு அமைப்பு திருத்தியதை நினைவூட்டியே நடுவர் மடக்கிவிடுவார்.

இரண்டாவது, ஒப்பந்தங்களைக் கலந்துவிடுவது. தொழில்நுட்பத் தடை ஒப்பந்தத்தில் காட் 20-வது பிரிவைப் போன்ற பொது விதிவிலக்கு இல்லை. அங்கே 2-வது பிரிவு 1-வது பத்தியின் கீழ், பாதகமான விளைவு முறையான ஒழுங்குமுறை வேறுபாட்டிலிருந்து மட்டுமே எழுகிறதா என்று பார்ப்பார்கள். 2012-இன் கிராம்புச் சிகரெட் வழக்கில் வந்தது அது. காட்டுக்கு எழுதிய பத்தியை வெட்டி இங்கே ஒட்டினால் உடனே தெரிந்துவிடும்.

‘ஒத்த பொருள்’ வாதத்தில் நான்கு அளவுகோல்களையும் எடுத்துக்கொள்ளுங்கள்: பொருளின் இயற்பண்பு, இறுதிப் பயன், நுகர்வோர் விருப்பம், சுங்கவரி வகைப்பாடு. 2001-இன் கல்நார் வழக்கு படித்தே ஆக வேண்டியது. உடல்நலக் கேடு எப்படி இயற்பண்புக்குள்ளும் நுகர்வோர் விருப்பத்துக்குள்ளும் வருகிறது என்பதை அங்கே பாருங்கள்.

மேற்கோளுக்குப் பக்க எண் வேண்டாம், பத்தி எண் கொடுங்கள். பேனல் சொன்னதை மேல்முறையீட்டு அமைப்பு சொன்னதாக எழுதாதீர்கள். பேனல் அறிக்கை மேல்முறையீட்டுக்குப் போய் நின்றுவிட்டதா, எல்லா உறுப்பு நாடுகளும் அடங்கிய தகராறு தீர்வு அமைப்பு அதை ஏற்றுக்கொண்டதா என்று பாருங்கள். ஏற்கப்படாத அறிக்கைக்குச் சட்ட நிலை இல்லை. ஆனால் அதன் காரணங்கள் வழிகாட்டலாம் என்று 1996-இன் ஜப்பான் மதுபான வழக்கு சொல்கிறது. இதைத் தெரிந்து எழுதும் அணிகள் மிகக் குறைவு.

கடைசிப் பக்கம்: கடந்த கால நஷ்டத்துக்கு ஈட்டுத்தொகை கேட்காதீர்கள். தகராறு தீர்வு உடன்பாட்டின் 19-வது பிரிவின்படி, நடவடிக்கையை ஒப்பந்தத்துக்கு இணங்க மாற்றும்படி பரிந்துரைக்கக் கோருவதே முறை.

நடத்துபவர்களுக்கும் இதில் ஒரு சொல். கடைசி நேரத்தை ‘நள்ளிரவு 12 மணி’ என்று எழுதாதீர்கள். எந்த நாளின் நள்ளிரவு என்ற தகராறு வரும். ‘23:59 யு.டி.சி.’ (உலகப் பொது நேரம்) என்று எழுதுங்கள். அணியின் பெயர் பி.டி.எஃப். கோப்பின் பண்புகளில் ஒளிந்திருக்கும். திருத்துபவர்களுக்கு அனுப்புமுன் அழித்துவிடுங்கள்.

கேள்வி: வாய்மொழி வாதத்தில் ‘மை லார்ட்’ என்று சொல்லலாமா?

பதில்: வேண்டாம். எதிரே இருப்பது பேனல். ‘தலைவர் அவர்களே’, ‘பேனல் உறுப்பினர்களே’ என்ற பொருள்பட அழைத்தால் போதும். பல போட்டிகளில் ஒரு தரப்புக்கு 45 நிமிடம் வைக்கிறார்கள். இருவர் 20 நிமிடம் வீதம் பேசி, மறுவாதத்துக்கு 5 நிமிடம் ஒதுக்கலாம். விதிப்புத்தகத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி வந்தவுடன் முதலில் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’. அடுத்த வாக்கியத்தில் காரணம். மூன்றாவதில் வழக்கின் பத்தி எண். ‘அதற்குப் பிறகு வருகிறேன்’ என்று சொல்லிவிட்டு வராமல் போனால் கட்டாயம் மதிப்பெண் குறையும். மறுவாதத்தில் எதிரணி சொன்ன இரண்டு விஷயங்களை மட்டும் எடுங்கள், புது வாதம் கொண்டுவராதீர்கள். பேச்சை மனப்பாடம் செய்தவர்கள் இரண்டாவது கேள்வியிலேயே திணறிவிடுகிறார்கள். 20 நிமிடப் பேச்சு ஒன்றும், கேள்விகள் நேரத்தைத் தின்றுவிட்டால் பேச 8 நிமிடப் பேச்சு ஒன்றும் தயாராக இருக்கட்டும்.

கேள்வி: வணிகச் சட்டம் தெரிந்த நடுவர்கள் எங்கள் பக்கம் அதிகம் இல்லை. வழக்கறிஞர்களை வைத்து நடத்தலாமா?

பதில்: நடத்தலாம், ஒவ்வொரு அறையிலும் ஒருவராவது துறை தெரிந்தவராக இருந்தால். அவரையே தலைவராக உட்காரவையுங்கள். மற்ற இருவருக்கும் நடுவர் குறிப்பேடு, அதாவது பெஞ்ச் மெமோ, இரண்டு வாரம் முன்பே போக வேண்டும். 25 பக்கத்துக்கு மேல் போனால் படிக்க மாட்டார்கள். அதில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் சட்டச் சோதனை, இரு தரப்பு வலுவான வாதம், வலுவற்ற இடம், கேட்கக்கூடிய ஐந்து கேள்விகள், இவை போதும். ‘சரியான விடை’ என்று எதையும் எழுதாதீர்கள். எழுதினால் குறிப்பேட்டில் இல்லாத நல்ல வாதத்தைத் தவறு என்று வெட்டிவிடுகிறார்கள். மாணவருக்கு இதைவிடப் பெரிய அநீதி கிடையாது.

குறிப்பேட்டின் ஒவ்வொரு பிரதியிலும் நடுவரின் பெயரை நீர்க்குறியாகப் பதித்து அனுப்புங்கள். போட்டி நாள் காலையில் 30 நிமிட விளக்கக் கூட்டம் கட்டாயம். தான் படித்த, கற்பிக்கும் அல்லது பயிற்சி கொடுத்த கல்லூரி அணியின் அமர்வில் யாரும் உட்காரக் கூடாது. பதிவின்போதே இதை எழுதி வாங்கிவிடுங்கள். உண்மையான பேனலிலும், தரப்புகள் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் தவிர, வழக்கில் உள்ள நாடுகளின் குடிமக்கள் உட்காருவதில்லை.

கேள்வி: ஓர் அறையில் தாராளமாகவும் இன்னோர் அறையில் கஞ்சத்தனமாகவும் மதிப்பெண் போடுகிறார்கள். நியாயம் எப்படி?

பதில்: மொத்த மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போடுவதுதான் இது அநியாயமாக முடியக் காரணம். ஓர் அறையில் சராசரி 62 வாங்கிய அணி, 58 வாங்கிய அணியை வென்றது. இன்னோர் அறையில் 88 வாங்கிய அணியிடம் 86 வாங்கிய அணி தோற்றது. மொத்தத்தைப் பார்த்தால் தோற்ற 86, வென்ற 62-க்கு மேலே நிற்கும். கண்டிப்பான நடுவரிடம் மாட்டியது அந்த அணியின் குற்றமல்லவே.

ஆகவே முதலில் வாக்குகளை எண்ணுங்கள். ஒவ்வொரு நடுவரின் தாளிலும் எந்த அணிக்கு மதிப்பெண் அதிகமோ அந்த அணிக்கு ஒரு வாக்கு. 4 அமர்வு × 3 நடுவர் = ஓர் அணிக்கு அதிகபட்சம் 12 வாக்குகள். சமமானால் எதிரணியோடு உள்ள மதிப்பெண் வித்தியாசத்தைக் கூட்டிப் பாருங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் முதல் அணிக்கு +4, இரண்டாவது அறையில் வென்ற அணிக்கு +2. அதுவும் சமமானால்தான் மொத்த மதிப்பெண். மெமோரியல் மதிப்பெண்ணை எந்த இடத்தில் எப்படிச் சேர்ப்பீர்கள் என்பதை விதிப்புத்தகத்தில் உதாரணத்தோடு அச்சிடுங்கள்.

மதிப்பெண் அறையில் நடக்கும் பிழைகள் எப்போதும் ஒன்றேதான். கையெழுத்தில் 3-ம் 8-ம் குழம்பும். நடுவர் கூட்டலில் தவறுவார். இரு தரப்பு நெடுவரிசைகளை மாற்றி எழுதிவிடுவார். எனவே முறையீட்டுத் தரப்புக்கு ஒரு நிறத் தாள், எதிர்த்தரப்புக்கு வேறு நிறம்; அணி எண்ணை மதிப்பெண் அறையே முன்கூட்டி அச்சிட்டுத் தரட்டும்; நடுவர் கூட்டவே வேண்டாம். இருவர் தனித்தனிக் கணினியில் பதிவு செய்ய, மூன்றாமவர் ஒப்பிடட்டும். நடுவர்கள் வாய்விட்டுக் கருத்துச் சொல்வதற்கு முன்பே தாள்கள் அறையை விட்டு வெளியேறிவிட வேண்டும். இல்லாவிட்டால் பேச்சுவாக்கில் மதிப்பெண் திருத்தப்படும். மூல தாள்களைக் குறைந்தது ஓராண்டு பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: இணையவழியில் நடத்தினால்?

பதில்: நேர மண்டலத்தைப் பார்த்து அணிகளைப் பிரியுங்கள், யாரும் தங்கள் ஊர் நேரத்தில் இரவு 10-க்குப் பிறகோ காலை 6-க்கு முன்போ வாதாடக் கூடாது. இணைப்பு அறுந்தால் கடிகாரத்தை நிறுத்தி 10 நிமிடம் காத்திருப்பது, அதற்குப் பிறகு சக பேச்சாளர் தொடர்வது என்று முன்பே விதி எழுதுங்கள். மற்ற அணிகளின் அமர்வை ஒளிந்து பார்க்காதபடி, அறை வாசலில் பெயர் சரிபார்க்க ஒருவர் வேண்டும்.

கேள்வி: மேல்முறையீட்டு அமைப்பே செயலிழந்துவிட்டதே. இனி இந்தப் போட்டியால் என்ன பயன்? (வாசகர் ஒருவர்)

பதில்: 2019 டிசம்பரில் உறுப்பினர்கள் போதாமல் அது நின்றது உண்மை, மூன்று பேர் இருந்தால்தான் ஒரு வழக்கைக் கேட்க முடியும். ஆனால் பேனல்கள் நிற்கவில்லை. 2020-இல் சில உறுப்பு நாடுகள் தகராறு தீர்வு உடன்பாட்டின் 25-வது பிரிவைக் கொண்டு இடைக்கால மேல்முறையீட்டு நடுவர் ஏற்பாட்டை அமைத்தன. கொலம்பியாவின் உறைந்த உருளைக்கிழங்கு வழக்கில் 2022 டிசம்பரில் அதன் கீழ் முடிவு வந்தது. தடையற்ற வணிக ஒப்பந்தங்கள் பலவற்றிலும் இதே சட்டச் சோதனைகள்தான் எழுதப்படுகின்றன. பொருள்குவிப்புத் தடுப்பு வரி (மிக மலிவாகக் குவிக்கப்படும் இறக்குமதிக்கு எதிரான வரி) விசாரணையில் உட்காரும் இளம் வழக்கறிஞருக்கு அட்டவணையைப் படித்து வாதாடும் பழக்கம் இங்கேதான் வருகிறது. உலக வணிக அமைப்பின் தொழில்நுட்ப ஆதரவோடு நடக்கும் ஜான் ஹெச். ஜாக்சன் போட்டியின் வட்டாரச் சுற்றுகள் பல கண்டங்களில் தொடர்ந்து நடந்து வந்திருக்கின்றன.

வழக்கை எழுதுபவர்கள் மட்டும் கவனிக்க: மேல்முறையீட்டு நிலையில் வழக்கை வைக்க விரும்பினால், இரு நாடுகளும் அந்த இடைக்கால ஏற்பாட்டில் சேர்ந்தவை என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவில் எழுதிய மெமோரியல்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நடையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், தவறாகக் குற்றம் சாட்ட நேரும். ஒவ்வொரு மெமோரியலிலும் 10 அடிக்குறிப்பைக் குலுக்கல் முறையில் எடுத்து, வழக்கு எண்ணும் பத்தி எண்ணும் மூல அறிக்கையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். 48 மெமோரியலுக்கு 480 சரிபார்ப்பு. நான்கு மாணவர்கள் மூன்று நாளில் முடிப்பார்கள். இல்லாத பத்தியை மேற்கோள் காட்டியிருந்தால், எழுதியது மனிதரா இயந்திரமா என்ற ஆராய்ச்சியே வேண்டாம். பொய் மேற்கோளுக்கான அபராதத்தைப் போடுங்கள். அந்த அபராதம் எவ்வளவு என்பது வழக்கு வெளியாகும் நாளிலேயே விதியில் இருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் அணி முதல்நிலைச் சுற்றோடு வெளியேறியது. சான்றிதழ் மட்டும் கிடைத்தது. மதிப்பெண் தாளைக் கேட்கலாமா? (பயிற்சியாளர் ஒருவர்)

பதில்: தாராளமாகக் கேளுங்கள். 24 அணிகளில் 8 காலிறுதிக்குப் போனால் 16 அணிகள் அன்றிரவே கிளம்புகின்றன. போட்டியின் பெரும்பகுதி அவர்கள்தான். நடத்தும் கல்லூரி ஒரு வாரத்துக்குள் ஒவ்வோர் அணிக்கும் அதன் 12 நடுவர் தாள்களின் நகல், மெமோரியல் மீது திருத்தியவர்கள் எழுதிய குறிப்பு, தரவரிசையில் பெற்ற இடம் ஆகியவற்றை அனுப்ப வேண்டும். இறுதிச் சுற்று முடிந்ததும் நடுவர் குறிப்பேட்டையும் எல்லோருக்கும் வெளியிடலாம், அதன் பிறகு மறைத்து வைக்க அதில் எதுவும் இல்லை. மெமோரியலைத் திருத்துபவர்களிடம் வேலையைக் கொடுக்கும்போதே, மதிப்பெண்ணோடு குறைந்தது மூன்று வரி எழுதித் தர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பிறகு கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.